உண்ணி இலையும் ஊதா நிறக் கரைசலும்: கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரியில் வசிப்பவன். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். படிப்பு பிளஸ் டூ வரைதான். ஆனால் இலை பறிப்பது, காய வைப்பது, பொடிப்பது, கரைசல் போடுவது, இயந்திரத்தில் அளவெடுப்பது என்று மாணவர்கள் செய்த ஆய்வு வேலைகளில் எல்லாம் கூடவே நின்றவன். அவற்றில் பல, நம் மலையில் யாரும் நடாமலேயே மண்டிக் கிடக்கும் அயல் செடிகளைப் பற்றியவை. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது. விஷயம் ஒரு வீட்டின் அடுப்பு வரை வந்துவிட்டதால் குறைத்து எழுத மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து லைனில் இருக்கும் அக்கா ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார்கள். பை நிறைய உண்ணி இலை; புதராக மண்டும் உண்ணிச்செடி, அதாவது லான்டானாவின் இலை. அரவேணுவுக்குக் கீழே மேட்டுப்பாளையம் ரோட்டோரத்தில் பறித்தது. "தம்பி, நீங்க லேப்ல இருந்தவரு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இதை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கணும்?" என்றார்கள். அவருடைய வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினார்கள். மேல்பாகம் கிழிந்திருந்ததால் எந்தப் பத்திரிகை என்று தெரியவில்லை; நான் தேடவும் இல்லை. உண்ணிச்செடியின் இலைச் சாற்றில் அபாரமான நோய் எதிர்ப்புச் சக்தி இருப்பதாக ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள், சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் நல்லது என்று அதில் இருந்தது.

அந்த இலையைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆய்வகம் இல்லை. எங்கள் வீட்டுப் பசு.

நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் ஒரு கலப்பினப் பசு வாங்கினார். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். 1983 கோடையில் புல்லே இல்லை. எங்கும் காய்ந்து கிடக்க, உண்ணிப் புதர் மட்டும் பச்சையாக நின்றது. மாடு சாதாரணமாக அதைத் தொடாது. அந்த நாற்றமும் சொரசொரப்பும் அதற்குப் பிடிக்காது. பசி வந்தால் என்ன செய்யும்? இரண்டு நாள் மேய்ந்திருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் அசை போடுவது நின்றது. சாணி இறுகிப் போனது. கண் மஞ்சளாகிவிட்டது. அப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. உடம்பில் வெள்ளையாக இருந்த இடங்கள் மட்டும் வெந்து போனது போலச் சிவந்து, வெடித்து, தோல் உரியத் தொடங்கியது. கறுப்புத் தோல் இருந்த இடத்தில் ஒரு கீறல் கூட இல்லை. யாரோ படம் வரைந்து அந்த எல்லைக்குள் மட்டும் கொதிநீர் ஊற்றியது போல இருந்தது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, "வெளிச்சமே படாமல் இருட்டில் கட்டுங்கள்" என்றார். சாக்கால் கொட்டகையை மூடினோம். ஒன்பதாம் நாள் போய்விட்டது. அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வேலைக்குப் போகாமல் அம்மா வீட்டில் இருந்து நான் பார்த்த நாட்கள் மிகக் குறைவு.

ஏன் வெள்ளைத் தோல் மட்டும் வெந்தது என்று எனக்குத் தெரிய வர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பேராசிரியர் விளக்கினார். அதைப் பின்னால் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முதலில், 'இலைச் சாறு' என்று நாம் எழுதுவது எது என்று சொல்லிவிடுகிறேன்.

மாணவர்கள் உண்ணி இலையைப் பறித்து வந்தால் முதலில் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் அழுத்திக் காய வைத்து, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், செடி இதுதான் என்று எழுதி வாங்கி வருவார்கள். பிறகு இலையை நிழலில் உலர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் கோத்தகிரியில் எதுவும் காயாது என்பது உங்களுக்குத் தெரியும். செய்தித்தாளை விரித்து, பல்பைத் தொங்கவிட்டு, மாற்றி மாற்றிப் புரட்டிப் போட்டுக் காய வைப்போம். காய்ந்ததைப் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் வைத்து, மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலை ஊற்றி மணிக்கணக்கில் சூடாக்குவோம். மெத்தனால் ஆவியாகி, குளிர்ந்து, இலைப்பொடி வழியாகத் திரும்பத் திரும்ப வடியும். கடைசியில் மெத்தனாலைக் காற்றழுத்தம் குறைத்து வடித்து எடுத்துவிட்டால் குடுவையின் அடியில் தார் போலக் கரும்பச்சையாக ஒரு பசை ஒட்டியிருக்கும். ஆய்வுக் கட்டுரையில் வருவது அந்தப் பசை.

நம் தமிழில் சாறு என்றால் என்ன? அம்மியில் வைத்து நசுக்கி, துணியில் பிழிந்து, குழந்தைக்குச் சங்கில் ஊற்றுவது. வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு, ஓமவல்லிச் சாறு. காலம் காலமாக அந்தச் சொல் குடிக்கிற பொருளுக்கு உரியது. ஆய்வகத்தில் மெத்தனாலில் இறங்கிய பசையையும் அதே சொல்லால் எழுதினால் படிப்பவர் அம்மியைத்தான் தேடுவார். மெத்தனால் என்ன செய்யும் என்பதை 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நம் மாநிலமே பார்த்தது. இலையை மெத்தனாலில் ஊற வைத்துக் குடிக்கச் சொல்லி எந்த ஆய்வாளரும் எழுதவில்லை. அதே சமயம், ஆய்வில் எடுத்த அளவுகள் வெந்நீர்க் கஷாயத்துக்குப் பொருந்தும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. மெத்தனாலில் இறங்குவது வேறு, வெந்நீரில் இறங்குவது வேறு. நல்லதும் அப்படித்தான், நஞ்சும் அப்படித்தான். அக்கா கொதிக்க வைக்க இருந்த அந்தத் தண்ணீரில் என்ன இருந்திருக்கும் என்று அந்தச் செய்தியிலிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது.

சரி, பசை கிடைத்தது. அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

டி.பி.பி.ஹெச். என்று ஒரு வேதிப்பொருள். கரைத்தால் அழகான ஆழ்ந்த ஊதா நிறம். என் கையால் எத்தனை முறை கரைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை; கத்தரிக்காய்த் தோல் நிறம். அது ஒரு நிலையான தனி உறுப்பு, அதாவது ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறு. அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கக் கூடிய பொருளைச் சேர்த்தால் ஊதா போய் வெளிர் மஞ்சளாகிவிடும். அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து பார்த்தால் எவ்வளவு நிறம் போயிருக்கிறது என்று தெரியும். இப்படி அளப்பதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன், அதாவது ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறன் என்கிறார்கள். பிளாய்ஸ் என்ற விஞ்ஞானி 1958இல் இந்த முறையை வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கல்லூரிகளில் இதுதான் முதல் சோதனை. மலிவு, சுலபம், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். முதல் தடவை நிறம் மாறுவதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ரோட்டோரம் மிதிபடுகிற ஒரு செடிக்குள் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கண் விரியும். அந்தச் சந்தோஷம் நிஜமானது. நானும் ஒவ்வொரு முறையும் அனுபவித்திருக்கிறேன்.

உண்ணி இலை இந்தச் சோதனையில் நன்றாகவே வேலை செய்யும். அதில் வெர்பாஸ்கோசைடு போன்ற, ஹைட்ரஜனைக் கொடுக்கக் கூடிய பினாலிக் பொருட்கள் இருக்கின்றன. செய்தியில் அந்த அளவுக்குப் பொய் இல்லை. ஆனால் ஊதா நிறம் போயிற்று என்பது அந்தக் குழாய்க்குள் அந்த ஒரு வினை நடந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. டி.பி.பி.ஹெச். மனித உடம்பில் எங்கேயும் கிடையாது. அந்தப் பசை வயிற்றைத் தாண்டுமா, ரத்தத்தில் சேருமா, கல்லீரல் அதை என்ன செய்யும் என்று இந்தச் சோதனை கேட்பதே இல்லை. பைரோகலால் என்று ஒரு பொருள் ஆய்வக அலமாரியில் இருக்கும். டி.பி.பி.ஹெச். நிறத்தை அது நொடியில் போக்கும். அது ஒரு விஷம். கையுறை இல்லாமல் தொட விடமாட்டேன்.

இதையெல்லாம் அக்காவிடம் இப்படிச் சொன்னால் எப்படிப் புரியும்? அதனால் வேறு வழி பார்த்தேன். வீட்டில் பெட்டடைன் இருந்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கு நாலு சொட்டு விட்டேன். இரண்டும் டீ நிறத்துக்கு வந்தன. ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நிறம் போய்த் தெளிந்துவிட்டது. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி செய்த வேலை. இதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் வேலைதான். அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் மீன் தொட்டிக்காக நான் வைத்திருக்கும் ஹைப்போ படிகத்தில் இரண்டை இன்னொரு டம்ளரில் போட்டுக் கலக்கினேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினைப் போக்குவதற்காகப் போடுவது அது. அந்த நிறமும் போய்விட்டது. எலுமிச்சையை விட வேகமாகவே போனது. "அக்கா, ரெண்டும் நிறத்தைப் போக்குச்சு. இதுல எதைக் குடிப்பீங்க?" என்று கேட்டேன். ஹைப்போ போட்ட டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். பிறகு தான் கொண்டு வந்த பையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது பசுவுக்கு வருகிறேன்.

மாடு தின்னும் எந்தப் பச்சை இலையிலும் பச்சையம் இருக்கும். அதை வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் உடைக்கும்போது ஃபைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகிறது. எல்லா மாட்டுக்கும் தினம் தினம் உண்டாவதுதான். கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். உண்ணி இலையில் லான்டடீன் என்ற நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. அவை கல்லீரலைத் தாக்கிப் பித்தம் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. அதனால்தான் கண் மஞ்சளாகிறது. வெளியே போக வழியில்லாத ஃபைலோஎரித்ரின் ரத்தத்தில் ஏறித் தோல் வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கே வெயில் பட்டதும், ஒளியை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜனைத் தீவிரமான வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த ஆக்ஸிஜன் தோலின் செல்களை எரிக்கிறது. கறுப்புத் தோலில் நிறமி வெயிலைத் தடுத்துவிடும். வெள்ளைத் தோலுக்குத் தடுப்பு இல்லை.

ஆசிரியர் அவர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். குழாய்க்குள் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் இலை என்று நாம் கொண்டாடும் அதே இலை, உயிருள்ள ஒரு பசுவுக்குள் போனபோது அதன் தோலை ஆக்ஸிஜனாலேயே வேக வைத்தது. இரண்டும் உண்மை. குழாய் பொய் சொல்லவில்லை, பசுவும் பொய் சொல்லவில்லை. குழாயில் கல்லீரல் இல்லை, பித்தம் இல்லை, வெயில் இல்லை. பேராசிரியர் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய அன்று மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

மாட்டுக்கும் மனிதனுக்கும் வயிறு வேறு என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். நாங்களே சின்ன வயதில் கறுப்பாகப் பழுத்த உண்ணிப்பழத்தைத் தின்று வாயைக் கறையாக்கிக்கொண்டவர்கள்தான். பச்சைக் காயைத் தொட்டால் மட்டும் அம்மா அடிப்பார். ஆனால் இலையை மாதக் கணக்கில் காய்ச்சிக் குடித்தால் மனிதக் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சோதித்துச் சொன்ன பிறகுதான் 'நல்லது' என்ற சொல்லை அச்சில் ஏற்ற வேண்டும். வைத்தியர்கள் சொல்கிறார்களே என்பார்கள். குஞ்சப்பனைப் பக்கம் எனக்குப் பழக்கமான இருளர் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெட்டுக்காயத்துக்கு உண்ணி இலையை அரைத்து வெளியே வைத்துக் கட்டுவார். உள்ளுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "நம்ம ஆடே திங்காததை மனுசனுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்றார். இந்தச் செடி அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதியிலிருந்து அழகுக்காகக் கொண்டு வரப்பட்டு, 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டது. நம் பழைய மருத்துவ ஏடுகளின் வயதோடு பார்த்தால் நேற்று வந்த விருந்தாளி.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே உடம்புக்கு நன்மை என்ற எண்ணம் எவ்வளவு தூரம் ஆளை ஏமாற்றும் என்பதற்குப் பெரிய அளவில் செய்த சோதனையே இருக்கிறது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் குழாயில் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். நம் ஊட்டி கேரட்டைச் சாப்பிடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு அதைத் தினம் 20 மில்லிகிராம் மாத்திரையாகப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அதே போல, உணவுப் பொருட்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவைப் பட்டியலாகப் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012இல் பட்டியலையே எடுத்துவிட்டது. குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

எண் என்றதும் இன்னொன்று. பாதி நிறத்தைப் போக்க எவ்வளவு பசை தேவை என்று கணக்கிட்டு ஓர் அளவு கொடுப்பார்கள். அந்த எண் குறைவாக இருந்தால்தான் சக்தி அதிகம். கொஞ்சமே போட்டாலும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பெரிய எண்ணைப் பார்த்து 'வைட்டமின் சியை விடப் பல மடங்கு' என்று தலைகீழாக எழுதியதை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். மாணவர்களே முதல் வருடம் இந்தத் தவறைச் செய்வார்கள். செய்தியாளர் செய்வதில் ஆச்சரியம் இல்லை. ஒரு தடவை அந்த ஆய்வாளருக்குத் தொலைபேசியில் பேசினால் தீர்ந்துவிடும்.

இந்த ஆய்வுகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை அருகில் இருந்து பார்த்தவன் நான். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், சிறு தேயிலை விவசாயிகளின் பிள்ளைகள். விலை உயர்ந்த கருவி வேண்டாத ஒரு சோதனையில்தான் அவர்கள் அளவெடுக்கவும், தவறைக் கண்டுபிடிக்கவும், மூன்று முறை செய்து சராசரி எடுக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட செடிகளில் நிஜமாகவே விஷயம் இருக்கலாம். நாம் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் குரோமோலீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நம் காட்டுக்குள் புகுந்த அயல் செடிதான். அதன் இலையிலிருந்து வியட்நாமில் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் வெளியே போடும் மருந்து தயாரித்தார்கள். தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, அந்த இலையின் பொருள் செல்களைக் காப்பாற்றுகிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். குழாயில் தொடங்கி, செல்லுக்குப் போய், காயத்துக்குப் போய், வெளிப்பூச்சு என்ற எல்லைக்குள் நின்றார்கள். அந்த வரிசையில் நடந்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. முதல் படியில் நின்றுகொண்டே மாடிக்கு வந்துவிட்டோம் என்று செய்தி போடும்போதுதான் ஒரு அக்கா பையோடு ரோட்டோரத்தில் நிற்கிறார்.

மேலே உதகைப் பக்கம் போகப் போக உண்ணி குறைந்து, வெள்ளைப் பூவும் ஊதாத் தண்டும் கொண்ட யூபடோரியம் ஓடையோரம் எல்லாம் அடர்ந்து நிற்கும். அதன் தண்டில் அங்கங்கே முடிச்சு போல வீங்கியிருப்பதை மாணவர்கள் நோய் என்று நினைத்து ஒதுக்குவார்கள். அது நோய் இல்லை. அந்தச் செடியைக் கட்டுப்படுத்துவதற்காக 1963இல் நியூசிலாந்திலிருந்து ஒரு சின்ன ஈயைக் கொண்டு வந்து நீலகிரியில் விட்டார்கள். அது முட்டையிட்ட இடம்தான் அந்த வீக்கம். ஈ பிழைத்துக்கொண்டது, செடியும் பிழைத்துக்கொண்டது. இந்தச் செடியைத் தொடர்ந்து தின்ற குதிரைகளுக்கு நுரையீரல் கெட்டதாக ஆஸ்திரேலியாவில் பதிவு இருக்கிறது. ஊட்டியில் சவாரிக் குதிரைகள் தெருவில் மேய்கின்றன. ஆனால் அதன் இலையும் ஊதா நிறத்தைப் போக்குகிறது என்பது மட்டும்தான் நமக்குச் செய்தியாகிறது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. ஒரு களைக்கு மருத்துவ குணம் என்று பெயர் வந்துவிட்டால் அதை வெட்டக் கை வராது. கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் விட்டுப்போன தேயிலைக் காடுகளை எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு வருடத்தில் உண்ணி ஆளுயரத்துக்கு ஏறிவிடுகிறது. உள்ளே கரடி படுத்திருந்தாலும் தெரியாது, காட்டுமாடு நின்றாலும் தெரியாது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். கீழே முதுமலை, மசினகுடிப் பக்கம் மான் மேயும் புல்லையே அது மூடிவிட்டது. நாம் புகழும் அந்தப் பினாலிக் பொருட்களுக்கு வேறொரு வேலையும் உண்டு. உதிர்ந்த இலையிலிருந்து மண்ணில் இறங்கி மற்ற விதைகள் முளைப்பதை அவை தடுக்கின்றன என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். 2022இல் தமிழக அரசே அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றும்போது கிடைப்பதைப் பயன்படுத்தட்டும், அதில் மகிழ்ச்சிதான். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணித் தண்டை வேக வைத்துத் தோல் உரித்து நிஜ யானை அளவில் செய்த 100 யானைகள் 2024இல் அமெரிக்கா வரை போயின. தண்டு வேண்டும் என்றால் புதரை வெட்டியே ஆக வேண்டும். இலை மருந்தானால் புதர் நிற்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எழுதுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

ஊதா நிறத்தைப் போக்கும் ஒன்றை நம் மலையில் வாயில் போட வேண்டும் என்றால் தவிட்டுப்பழம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்த பழம். புல்வெளி ஓரத்தில் தானாக வரும், முன்பெல்லாம் சந்தையில் படியில் அளந்து விற்பார்கள். அமெரிக்காவில் புளோரிடாவில் அந்தச் செடிதான் ஆக்கிரமிப்புக் களையாம். நம் ஊரில் அது அதன் சொந்த இடத்தில் இருக்கிறது. இப்போது அது இருந்த சரிவுகளில் உண்ணியும் சீகை என்ற வாட்டில் மரமும் ஏறிவிட்டதால் என் பேரப் பிள்ளைகளுக்கு அந்தப் பழத்தைக் காட்டவே அலைய வேண்டியிருக்கிறது.

உங்கள் இதழிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. செடிகளைப் பற்றி இப்படி ஆய்வுச் செய்தி வரும்போது, 'சாறு' என்று போடாமல் எதில் பிரித்தது என்று போடுங்கள். 'ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறன்' என்பதை 'நோய் எதிர்ப்புச் சக்தி' ஆக்காதீர்கள். 'தடுப்பு', 'எதிர்ப்பு' என்று ஒரே மாதிரி தோன்றுவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்று ஒரு வரி. கால்நடைக்கு நஞ்சு என்று தெரிந்த செடியாக இருந்தால் அதையும் அதே பத்தியில், அதே எழுத்தளவில். அப்புறம், மாசி பங்குனியில் புல் காயும் முன் உண்ணி தின்ற மாட்டின் அறிகுறிகளைப் படத்தோடு நீலகிரிப் பதிப்பில் ஒரு முறை போட்டீர்களானால் எங்கள் பக்கத்து லைன்களில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் படிப்பார்கள். அசை போடாவிட்டால் உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முதல் நாளிலேயே கூப்பிட்டால் மருத்துவக் கரியை வாய்வழி கொடுத்து வயிற்றிலிருக்கும் நஞ்சைப் பிடித்துவைக்க முடியும். எங்களுக்கு 1983இல் அது தெரிந்திருக்கவில்லை.

அக்கா கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்கள். "அப்ப, மாத்திரையை நிறுத்த வேண்டாமா தம்பி?" எனக்கு நெஞ்சு திக்கென்றது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதா மாதம் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும் மாத்திரையை, இலைக் கஷாயம் தொடங்கும் அன்றைக்கு நிறுத்துவதாக முடிவு செய்து வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, பையை வாங்கிப் பின்பக்கம் கொட்டினேன். பத்திரிகைத் துண்டை மட்டும் அவர் கொடுக்கவில்லை. திரும்ப மடித்து ரேஷன் கார்டு உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அச்சில் வந்த எழுத்தைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால், வெட்டி எடுத்து நானே கொண்டு போய் அந்த உறைக்குள் அதன் மேலே வைக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.